மன்னிப்பு எழுதிக் கொடுத்தால் துப்பாக்கி திரும்பி வரும்

(கெலாங் பாத்தாவில் நடந்த தொலைக்காட்சிக் கருத்தரங்கில், "இராணுவ ஆட்சி ஒரு தீர்வாகுமா?" என்ற தலைப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



எனக்கு முன்னால் பேசிய தம்பி ஒன்று சொன்னார். "அரசியல்வாதிகளை நம்பி நம்பி அலுத்துப் போச்சு. ஓர் அஞ்சு வருசம் இராணுவம் வந்து உட்கார்ந்தா எல்லாம் சரியாயிடும்" என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். தம்பியை நான் குறை சொல்லவில்லை. இதே பேச்சை மாமாக் கடையில் கேட்கிறோம், ஒட்டுக்கடையில் கேட்கிறோம், விடியற்காலையில் இரண்டாம் பாலத்தைத் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் பேருந்திலும் கேட்கிறோம். நெரிசலில் ஒரு மணி நேரம் நின்றவன் யாரையாவது திட்டத்தான் செய்வான். ஆனால் அந்த அஞ்சு வருசம் என்பது எங்கேயாவது அஞ்சு வருசத்தில் முடிந்ததா என்று பார்க்க வேண்டாமா?

முதலில் ஒரு சொல்லைச் சரிசெய்து கொள்கிறேன். நம் தமிழ்ப் பத்திரிகைகள் நெடுங்காலமாக இதை "இராணுவப் புரட்சி" என்றே எழுதி வந்திருக்கின்றன. புரட்சி என்றால் நமக்கு ஒரு மயக்கம். நம் தமிழ்நாட்டு நடிகர்களுக்கும் தலைவர்களுக்கும் அதைப் பட்டமாகவே கொடுத்து வைத்திருக்கிறோம். (சிரிப்பு) மலாய்க்காரர்கள் நேர்மையாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். ரம்பாசான் குவாசா என்கிறார்கள். ரம்பாஸ் என்றால் என்ன? பறிப்பது. வழியில் போகும் அம்மாவின் சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடுகிறானே, அந்த மாதிரி. ஆகவே நான் இன்று புரட்சி என்று சொல்லப் போவதில்லை. ஆட்சிப் பறிப்பு என்றே சொல்கிறேன்.

பக்கத்து வீட்டுத் தாய்லாந்தைப் பற்றி எல்லாரும் பேசிவிட்டார்கள். 1932 முதல் ஏறக்குறைய ஒரு டஜன் தடவை அங்கே ஆட்சி பறிக்கப்பட்டிருக்கிறது. கடைசி இரண்டும் 2006இலும் 2014இலும். நான் உங்களை இன்னும் கொஞ்சம் தூரம் அழைத்துப் போகிறேன். நம்மைப் போலவே கப்பலேறிப் போன தமிழர்கள் வாழும் ஒரு நாடு. நம்மைப் போலவே மண்ணின் மைந்தர், வந்தவர் என்ற வழக்கு உள்ள நாடு. பத்தொன்பது ஆண்டுகளில் நான்கு முறை ஆட்சி பறிக்கப்பட்ட நாடு. அது பிஜி.

நாண்டி ஊரின் முருகன் கோயில்

பிஜி என்றதும் கரும்புத் தோட்டத்துப் பெண்களுக்காகப் பாரதி அழுத பாட்டு பெரியவர்களுக்கு நினைவு வரும். 1879 தொடங்கி 1916 வரை அறுபதாயிரம் பேருக்கு மேல் ஒப்பந்தக் கூலிகளாக அந்தத் தீவுகளுக்கு ஏற்றுமதி செய்யப்பட்டார்கள். ஏற்றுமதி என்று தெரிந்தேதான் சொல்கிறேன். அக்ரிமெண்ட் என்ற சொல் அவர்கள் வாயில் "கிர்மித்" ஆயிற்று. 1903க்குப் பிறகு சென்னைத் துறைமுகத்திலிருந்து போனவர்கள் சுமார் பதினைந்தாயிரம் பேர். தமிழர், தெலுங்கர், மலையாளி எல்லாரும் அதில் உண்டு. வட ஆற்காட்டிலிருந்து போனவர்கள் நிறைய. நம் பாட்டன்மார் கங்காணியோடு இங்கே ரப்பர் மரம் சீவ வந்த அதே காலம்தான்.

1926இல் சாது குப்புசாமி என்ற பெரியவர் நாண்டி என்ற ஊரில் தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கத்தை ஆரம்பித்தார். அந்தச் சங்கம் இன்றும் பள்ளிக்கூடங்களை நடத்துகிறது. லம்பாசாவில் ஒரு தாதியர் கல்லூரியும் நடத்துகிறது. நாண்டி கடைத்தெருவின் கோடியில் கோபுரத்தோடு நிற்கும் சிவ சுப்பிரமணிய சுவாமி கோயில் 1994இல் புதுப்பித்துக் கட்டப்பட்டது. பேச்சு மட்டும் போய்விட்டது. பெரும்பாலோர் வீட்டில் பேசுவது பிஜி இந்திதான். முருகன் இருக்கிறார், தமிழ் பூசைக்கு மட்டும் எட்டிப் பார்க்கிறது.

இந்த மக்கள் உழுத நிலம் அவர்களுடையது அல்ல. பிஜியில் நிலத்தின் பெரும்பகுதி பூர்வகுடி மக்களின் குலங்களுக்குச் சொந்தம். இந்தியர்கள் குத்தகைக்குக் கரும்பு போட்டார்கள். பூர்வகுடிகளுக்கு "நம் நாடு கைவிட்டுப் போய்விடுமோ" என்ற பயம். இந்தியருக்குக் "குத்தகை முடிந்தால் எங்கே போவது" என்ற பயம். இரண்டு பயமும் பொய்யல்ல. ஆனால் பயத்தை வைத்துப் பிழைப்பவன் ஒருவன் எப்போதும் இருப்பான்.

1987 ஏப்ரலில் தேர்தல். பதினேழு ஆண்டுகளாகப் பிரதமராக இருந்த ராத்து மாரா தோற்றார். டாக்டர் திமோதி பவாத்ரா பிரதமரானார். கவனியுங்கள், பவாத்ரா இந்தியர் அல்ல, பூர்வகுடிதான். ஆனால் அவருக்குப் பின்னால் இந்தியர் வாக்கு இருந்தது. அது போதுமே. மே 14ஆம் தேதி காலை பத்து மணிக்கு, லெப்டினண்ட் கர்னல் சித்திவேனி ரபுக்கா என்ற அதிகாரி முகமூடி போட்ட பத்துச் சிப்பாய்களோடு நாடாளுமன்றத்துக்குள் நடந்து வந்தார். அரசாங்கத்துக்கு வயது ஒரு மாதம். தோற்றுப்போன மாரா என்ன செய்தார்? பறிப்புக்குப் பின் அமைந்த சபையில் சேர்ந்தார். அதே ஆண்டு டிசம்பரில் மீண்டும் பிரதமரானார். இடையில் செப்டம்பரில் ரபுக்கா இரண்டாம் முறையும் ஆட்சியைப் பறித்து, நாட்டைக் குடியரசு என்று அறிவித்துவிட்டார்.

இனி நான் சொல்லப்போவதுதான் முக்கியம். 1990இல் ஒரு புதிய அரசமைப்புச் சட்டம் எழுதினார்கள். எழுபது இடங்களில் முப்பத்தேழு பூர்வகுடிகளுக்கு, இருபத்தேழு இந்தியர்களுக்கு. பிரதமர் பூர்வகுடியாகத்தான் இருக்க வேண்டும். அதோடு இன்னொன்றும் எழுதினார்கள். 1987இல் ஆட்சியைப் பறித்தவர்கள் மேல் எந்த வழக்கும் போட முடியாது என்று எழுதினார்கள். திருடனே பீரோ சாவியையும் வைத்துக்கொண்டு, "நான் எடுத்தது திருட்டு அல்ல" என்று வீட்டுப் பத்திரத்திலேயே சேர்த்துக்கொண்ட மாதிரி.

அந்த ஒரு பக்கத்தை நாட்டில் எல்லாரும் படித்தார்கள். இராணுவ முகாமிலும் படித்தார்கள், வியாபாரிகளும் படித்தார்கள். ஆட்சியைப் பறித்தால் என்ன தண்டனை? ஒன்றுமில்லை. என்ன சன்மானம்? ரபுக்கா 1992இல் தேர்தலில் நின்று பிரதமரே ஆனார்.

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அதே ரபுக்கா, இந்தியத் தலைவர் ஜெய்ராம் ரெட்டியோடு உட்கார்ந்து 1997இல் ஒரு நல்ல அரசமைப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தார். மனிதர்கள் மாறுவார்கள். ஆனால் எழுதி வைத்த பாடம் மாறவில்லை. 1999இல் மகேந்திர சௌத்ரி முதல் இந்திய வம்சாவளிப் பிரதமரானார். பதவியேற்ற அதே மே 19ஆம் தேதி, சரியாக ஓராண்டு கழித்து, 2000ஆம் ஆண்டில் ஜார்ஜ் ஸ்பைட் என்ற வியாபாரி துப்பாக்கிக்காரர்களோடு நாடாளுமன்றத்துக்குள் புகுந்தார். சௌத்ரியும் அமைச்சர்களும் 56 நாட்கள் பிணைக்கைதிகள். நிலைமையைச் சமாளிக்கிறேன் என்று இராணுவத் தளபதி பைனிமராமா அதிகாரத்தை எடுத்துக்கொண்டார். அதிபர் பதவியிலிருந்து ஒதுக்கப்பட்டவர் யார் தெரியுமா? 1987இல் பறிப்பினால் பயனடைந்த அதே ராத்து மாரா. அந்த நவம்பரில் இராணுவ முகாமுக்குள்ளேயே கலகம் வெடித்து எட்டுச் சிப்பாய்கள் செத்தார்கள். பைனிமராமா உயிருக்குத் தப்பி ஓடினார். துப்பாக்கி ஒருமுறை அரசியலுக்கு வந்துவிட்டால் முகாமும் பாதுகாப்பான இடமில்லை.

கணக்கைச் சொல்கிறேன். 1986 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பிஜியில் இந்தியர் 48.7 விழுக்காடு. 2007இல் 37.5. யாரும் கழுத்தைப் பிடித்துத் தள்ளவில்லை. டாக்டர், ஆசிரியர், கணக்காளர் என்று படித்தவர்கள் முதலில் சிட்னிக்கும் ஆக்லாந்துக்கும் வான்கூவருக்கும் போனார்கள். போக வழியில்லாதவர்கள் தங்கினார்கள்.

பர்மாவில் இதைவிட மோசம். 1962 மார்ச்சில் ஜெனரல் நே வின் வந்தார். 1964இல் கடைகளை அரசுடைமை ஆக்கினார்; 50, 100 சியாட் நோட்டுகள் செல்லாது என்றார். ரங்கூனில் மூன்று தலைமுறை கடை வைத்திருந்த தமிழன் கட்டிய துணியோடு கப்பலேறினான். சென்னைக் கடற்கரை நிலையத்துக்குப் பக்கத்தில் பர்மா பஜார் என்று வரிசையாகக் கடைகள் இருக்கின்றனவே, பொருள் வாங்கப் போயிருப்பீர்கள், அது அப்படி வந்தவர்களுக்காக ஏற்பட்டது. தம்பி சொன்ன அந்த அஞ்சு வருசம் பர்மாவில் 1962இல் தொடங்கியது. 2021 பிப்ரவரி 1ஆம் தேதியும் அதே கதைதான்.

ஒரு விவசாயி போட்ட வழக்கு

இனி ஒரு நல்ல செய்தி. 2000ஆம் ஆண்டுப் பறிப்பின்போது முவானிவேனி என்ற பள்ளத்தாக்கில் இந்தியக் குடியானவர்களின் வீடுகள் தாக்கப்பட்டன. மக்கள் லௌடோகா நகரில் கிர்மித் நினைவாகக் கட்டிய மண்டபத்தில் அகதிகளாகத் தங்கினார்கள். பாட்டன் கூலியாக வந்ததன் நினைவு மண்டபத்தில் பேரன் அகதி. அப்படி வீடிழந்த ஒரு விவசாயி அந்த ஜூலை மாதம் லௌடோகா உயர்நீதிமன்றத்தில் ஒரு வழக்குப் போட்டார். சட்டம் படித்தவர்கள் அதைப் பிரசாத் வழக்கு என்பார்கள்.

அவர் என்ன கேட்டார்? நஷ்ட ஈடு கேட்கவில்லை. "1997 அரசமைப்புச் சட்டம் உயிரோடு இருக்கிறதா இல்லையா, சொல்லுங்கள்" என்று கேட்டார். நவம்பர் 15ஆம் தேதி நீதிபதி அந்தோணி கேட்ஸ், "உயிரோடுதான் இருக்கிறது" என்று தீர்ப்பளித்தார். அரசாங்கம் மேல்முறையீட்டுக்குப் போனது. 2001 மார்ச் 1ஆம் தேதி ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வும் அதையே சொன்னது.

அந்த மேல்முறையீட்டுத் தீர்ப்பில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. பழைய நீதிமன்றங்கள் என்ன செய்துகொண்டிருந்தன? பாகிஸ்தானில் 1958 அக்டோபரில் முதல் பறிப்பு நடந்தபோது அங்கே உச்சநீதிமன்றம், "வென்றுவிட்டால் அதுவே சட்டம்" என்ற பொருளில் அதே மாதமே தீர்ப்பு எழுதிவிட்டது. 1972இல் அந்தத் தீர்ப்பைத் திருத்தினார்கள். அதற்குள் பாடம் படிந்துவிட்டது. 1977இல் வந்தார்கள், 1999இல் வந்தார்கள். பிஜி நீதிமன்றம் வேறு கேள்வி கேட்டது. "அதிகாரம் உங்கள் கையில் இருக்கிறது, சரி. மக்கள் உங்களை ஏற்றுக்கொண்டார்கள் என்பதற்கு என்ன சாட்சி? நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது" என்றது. பயந்து வாயை மூடிக்கொண்டிருப்பது சம்மதம் ஆகாது என்றது. ஊர் ஊராகப் பொதுமக்கள் "நாங்கள் ஏற்கவில்லை" என்று சத்தியப் பிரமாணம் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அவை நீதிமன்ற மேசையில் இருந்தன.

ஆகவே, சும்மா முணுமுணுத்துக்கொண்டிருந்தால் பயனில்லை. எழுதி, கையெழுத்துப் போட்டு, பெயரைச் சொல்லி மறுத்தவர்கள் இருந்ததால்தான் அந்தத் தீர்ப்பு சாத்தியமாயிற்று. (கைதட்டல்) அன்றைய இடைக்கால அரசாங்கம் தீர்ப்பை மதித்துப் பதவி விலகியது. சௌத்ரியை மீண்டும் உட்கார வைக்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் அந்த ஆண்டே தேர்தல் நடந்தது. ஸ்பைட் 2002இல் தேசத் துரோகக் குற்றத்தை ஒப்புக்கொண்டார். மரண தண்டனை விதித்து, ஆயுளாகக் குறைத்தார்கள். பிஜி வரலாற்றில் ஆட்சிப் பறிப்புக்கு ஒரு தலைவன் கம்பி எண்ணியது அதுதான் முதல் தடவை. துப்பாக்கியே பிடிக்காத ஒரு கரும்பு விவசாயி தொடங்கி வைத்தது.

நமக்கு நல்லது செய்த பறிப்பு

இதோடு கதை முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். 2005இல் பிரதமர் கராசே, 2000ஆம் ஆண்டுக் கலகக்காரர்களுக்குப் பொது மன்னிப்புக்கு வழிசெய்யும் ஒரு மசோதாவைக் கொண்டுவந்தார். தளபதி பைனிமராமா எதிர்த்தார். நியாயமான எதிர்ப்புதான், அவரையே கொல்லப் பார்த்தவர்கள் அல்லவா? ஆனால் எப்படி எதிர்த்தார்? 2006 டிசம்பர் 5ஆம் தேதி அவரே ஆட்சியைப் பறித்துவிட்டார். திருடனை மன்னிக்கக் கூடாது என்பதற்காகத் திருடினார்.

இங்கேதான் நம்மவர்கள் வழுக்கினார்கள். பைனிமராமா இனப் பாகுபாடு கூடாது என்றார், இனவாரித் தொகுதிகளை ஒழிப்பேன் என்றார், குடிமக்கள் எல்லாருக்கும் பிஜியர் என்று ஒரே பெயர் என்றார். இந்தியர்கள் பலர் மகிழ்ந்தார்கள். 2000இல் 56 நாட்கள் பிணைக்கைதியாகக் கிடந்த மகேந்திர சௌத்ரியே 2007 ஜனவரியில் அந்த இராணுவ அரசாங்கத்தில் நிதியமைச்சராகச் சேர்ந்தார்! அடுத்த ஆண்டு வெளியேறினார் என்பது வேறு. 2000இல் துணிந்து தீர்ப்பெழுதிய அதே கேட்ஸ், 2008இல் தலைமை நீதிபதிப் பொறுப்பில் இருந்துகொண்டு, 2006 பறிப்புக்குப் பின் அதிபர் எடுத்த நடவடிக்கைகள் செல்லும் என்று தீர்ப்பளித்தார். 2009 ஏப்ரல் 9ஆம் தேதி மேல்முறையீட்டு நீதிமன்றம் "செல்லாது" என்றது. மறுநாளே அரசமைப்புச் சட்டத்தை ரத்து செய்து நீதிபதிகள் அத்தனை பேரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

சிறுபான்மையாக இருக்கும் நாம் இந்த இடத்தைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். நமக்கு எதிராகப் பறித்தால் அநியாயம், நமக்குச் சாதகமாகப் பறித்தால் சீர்திருத்தம் என்று கணக்குப் போட்டால், 1987இல் ரபுக்காவுக்குக் கைதட்டியவர்களை எந்த வாயால் குறை சொல்வது? ஒரே பெயர், ஒரே வாக்கு நல்ல சீர்திருத்தம்தான். நானும் ஒப்புக்கொள்கிறேன். அதைத் துப்பாக்கி கொடுத்ததால், எடுக்கவும் துப்பாக்கி போதும் என்றாயிற்று.

2013இல் பைனிமராமா எழுதிய அரசமைப்புச் சட்டத்தில் பத்தாவது அத்தியாயம் முழுக்க மன்னிப்புதான். 1987க்குக் கொடுத்த பழைய மன்னிப்பும் தொடரும், 2006க்கும் உண்டு, இந்த அத்தியாயத்தை யாரும் திருத்தவும் முடியாது. தாய்லாந்திலும் இதே கதை. 2006இலும் 2014இலும் தளபதிகள் எழுதிய இடைக்கால அரசமைப்பில் தங்கள் செயல் சட்டபூர்வம் என்று ஒரு பிரிவு வைத்துக்கொண்டார்கள். மியான்மாரின் 2008 அரசமைப்பிலும் உண்டு. இந்த மூன்று நாடுகளையும் அடுக்கிப் பாருங்கள். திரும்பத் திரும்ப ஏன் நடக்கிறது என்று வேறு ஆராய்ச்சி வேண்டுமா?

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. நடுவர் கேட்பதற்கு முன் நானே சொல்கிறேன். "மன்னிப்பு கொடுக்காவிட்டால் அந்தத் தளபதி எப்படி ஐயா பதவியை விட்டு இறங்குவான்? புலி வாலைப் பிடித்தவன் அல்லவா? மன்னிப்பு எழுதியதால்தானே 2014இல் பிஜியில் தேர்தல் நடந்தது?" கனமான கேள்வி. நான் இதற்கு நூலறுந்த மாதிரி பதில் சொல்ல மாட்டேன். சில சமயம் விலை கொடுத்துத்தான் சமாதானம் வாங்க வேண்டியிருக்கும். ஆனால் தென் கொரியாவைப் பாருங்கள். சுன் டூ-ஹ்வான் 1979இல் இராணுவத்தைப் பறித்து, பிறகு நாட்டையும் எடுத்துக்கொண்டவர். 1995இல் அரசு வழக்கறிஞர்களே, "வெற்றி பெற்ற பறிப்பைத் தண்டிக்க முடியாது" என்று கையை விரித்தார்கள். மக்கள் தெருவுக்கு வந்தார்கள். அந்த ஆண்டே தனிச் சட்டம் இயற்றி, 1996இல் அவருக்கு மரண தண்டனை விதித்து, ஆயுளாகக் குறைத்து, 1997 டிசம்பரில் மன்னித்து விடுதலையும் செய்தார்கள். முதலில் விசாரணை, பிறகு தீர்ப்பு, கடைசியாக மன்னிப்பு. அந்த வரிசைதான் முக்கியம். அதே நாட்டில் 2024 டிசம்பர் 3ஆம் தேதி இரவு அதிபர் யூன் இராணுவச் சட்டம் அறிவித்தபோது என்ன நடந்தது? நாடாளுமன்ற உறுப்பினர்கள் மதிலேறிக் குதித்து உள்ளே போய், சில மணி நேரத்தில் 190 பேர் கூடி, ஒருவர்கூட எதிர்க்காமல் அதை ரத்து செய்யத் தீர்மானம் போட்டார்கள். சிப்பாய்களும் தயங்கித் தயங்கித்தான் நின்றார்கள். ஜெனரல்கள் கூண்டில் நின்ற படத்தைப் பார்த்து வளர்ந்த நாடு அது.

பிஜிக்குத் திரும்புகிறேன். 2022 டிசம்பர் 14 தேர்தலில் பைனிமராமாவின் கட்சிக்கு 55இல் 26 இடம்தான். வாக்கு எண்ணிக்கையில் கோளாறு என்று சொல்லி எதிரணி இராணுவத்தையே தலையிடச் சொன்னது. கேட்டவர் யார்? ரபுக்கா! பழக்கம் விடுமா? (சிரிப்பு) தளபதி கலோனிவாய் முடியாது என்றார். டிசம்பர் 24ஆம் தேதி நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்பு. 28க்கு 27. ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் ரபுக்கா பிரதமரானார். பதினாறு ஆண்டுகள் நாட்டைக் கையில் வைத்திருந்த பைனிமராமா எதிர்க்கட்சி வரிசையில் போய் உட்கார்ந்தார். நான்கு பறிப்பு நடந்த நாட்டில் ஒரு வாக்கை மதித்தார்கள்.

2023 மே 14ஆம் தேதி, தான் நாடாளுமன்றத்துக்குள் புகுந்த அதே தேதியில், ரபுக்கா கிர்மித் வம்சாவளியினரிடம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். ஏற்றுக்கொண்டவர்களும் உண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டவர்களும் உண்டு. பைனிமராமா 2024இல் ஓராண்டு சிறைக்குப் போனார். ஆட்சியைப் பறித்ததற்காக அல்ல, ஒரு போலீஸ் விசாரணையைத் தடுத்ததற்காக. பெரிய திருட்டுக்குச் சட்டத்தில் கதவு இல்லை, சின்னதுக்கு இருந்தது. ஸ்பைட் 2024 செப்டம்பரில் மன்னிப்புப் பெற்று வெளியே வந்தார். அவர் விஷயத்தில் எனக்குப் பெரிய வருத்தமில்லை. அது தீர்ப்புக்குப் பின், இருபத்துநான்கு ஆண்டு சிறைக்குப் பின் வந்த மன்னிப்பு. உண்மை, நல்லிணக்க ஆணையம் ஒன்றுக்கும் அங்கே சட்டம் இயற்றியிருக்கிறார்கள். அந்தப் பத்தாவது அத்தியாயத்தை என்ன செய்வார்கள் என்பதில்தான் என் கண் இருக்கிறது.

நம் வீட்டு வாசல்

நம் நாட்டில் இது நடந்ததில்லை. நம் இராணுவம் நல்ல இராணுவம் என்று சொல்லி நிறுத்திக்கொள்ளலாமா? 1969 மே 13க்குப் பிறகு நாடாளுமன்றம் 1971 பிப்ரவரி வரை கூடவில்லை. அப்போது அமைந்த தேசிய நடவடிக்கை மன்றத்தில் ஆயுதப்படைத் தலைவரும் போலீஸ் படைத் தலைவரும் உறுப்பினர்கள்தான். தலைமை நாற்காலியில் இருந்தவர் துன் அப்துல் ரசாக், சீருடை போடாதவர். அந்த இருபத்தொரு மாதத்தை நான் பொற்காலம் என்று சொல்லவில்லை. ஆனால் நாற்காலி யாருடையது என்பதில் குழப்பம் வரவில்லை. இந்தியாவில் பிரிட்டிஷ் தலைமைத் தளபதி குடியிருந்த மாளிகையைச் சுதந்திரத்துக்குப் பின் பிரதமர் நேருவின் வீடாக்கினார்கள். தீன் மூர்த்தி பவன் என்பது அதுதான். சின்ன விஷயம் போலத் தெரியும். ஜெனரலுக்கு அது புரிந்தது.

இலங்கை வேறு விதமாகச் செய்தது. 1962 ஜனவரியில் அங்கே ஒரு பறிப்புச் சதி நடப்பதற்கு முன்பே பிடிபட்டது. சிக்கியவர்கள் பெரும்பாலும் கிறிஸ்தவ அதிகாரிகள். சிங்களவர், தமிழர், பறங்கியர் எல்லாரும் அதில் இருந்தார்கள். அதற்குப் பிறகு "நம்பிக்கையான ஆள்" என்று தேடித் தேடி ஒரே இனத்துக்காரர்களாக இராணுவத்தை நிரப்பினார்கள். பறிப்பு வரவில்லை. வேறென்ன வந்தது என்பதைத் தமிழர் கூட்டத்தில் நான் விளக்க வேண்டியதில்லை. பிஜி இராணுவமும் ஏறத்தாழ ஒரே இனம்தான். ஆகவே நம் பிள்ளைகள் ஆயுதப்படையிலும் போலீசிலும் சேர வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வது சம்பளத்துக்காக மட்டும் அல்ல.

2021 ஜனவரி 12ஆம் தேதி நினைவிருக்கிறதா? கோவிட் காலத்தில் அவசரநிலை அறிவித்த பிரதமர் முகிதீன், தொலைக்காட்சியில் தோன்றி, இது இராணுவத்தின் ரம்பாசான் குவாசா அல்ல என்று தனியாகச் சொன்னார். ஒரு பிரதமர் அப்படிச் சொல்லவேண்டி வந்ததே என்று அன்று எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. இராணுவம் முகாமில்தான் இருந்தது, சந்தேகமில்லை. ஆனால் 2018இல் மக்கள் போட்ட ஓட்டு 2020 பிப்ரவரியில் ஒரு ஹோட்டல் கூட்டத்தில் இடம் மாறிப் போனதே, அதில் துப்பாக்கி இல்லை. ஆனால் நீங்கள் கொடுத்த பொருள் உங்கள் கையில் இல்லை. 2022இல் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்தது அந்தக் கோபத்தினால்தான். மக்கள் ஓட்டின் மேல் நம்பிக்கை இழக்கும் இடத்தில்தான் "இராணுவம் வரட்டும்" என்ற பேச்சு முளைக்கிறது. தம்பி இன்று பேசியதும் அங்கிருந்துதான்.

உங்கள் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். 2013 மே 5, கெலாங் பாத்தா தொகுதி. பெயர் அப்போது அதுதான், பிறகுதான் இஸ்கந்தார் புத்ரி ஆயிற்று. ஒரு பக்கம் 1995 முதல் பதினெட்டு ஆண்டு மந்திரி பெசாராக இருந்த டத்தோ அப்துல் கனி ஒத்மான். இன்னொரு பக்கம் லிம் கிட் சியாங். நாடே இங்கே திரும்பிப் பார்த்தது. லிம் 54,284, கனி 39,522. பெரும்பான்மை 14,762. மறுநாள் காலையில் என்ன நடந்தது? கடைகள் திறந்தன, பாலத்தில் வழக்கம்போல நெரிசல். தோற்ற மந்திரி பெசார் தோல்வியை ஏற்றுக்கொண்டு நாற்காலியை விட்டு இறங்கினார். 1987இல் ராத்து மாராவும் அப்படி வீட்டுக்குப் போய் உட்கார்ந்திருந்தால் பிஜியின் கதை வேறு. யாருக்கு ஓட்டுப் போட்டீர்கள் என்று நான் கேட்கவில்லை. வென்றவரைப் பாராட்டுகிற நாம், ஒழுங்காகத் தோற்றவரையும் கொஞ்சம் நினைக்கலாம் என்கிறேன். (கைதட்டல்)

நடுவர் மணியைத் தொட்டுவிட்டார். ஒரே ஒரு வேலை சொல்லி முடிக்கிறேன். பாரம் 14, அதாவது போராங் 14 என்று ஒரு தாள் உண்டு. ஒவ்வொரு வாக்குச் சாவடிப் பிரிவிலும் எண்ணி முடித்ததும் தேர்தல் அதிகாரி அதில் கணக்கு எழுதிக் கையெழுத்துப் போடுவார். கட்சிகளின் முகவர்களும் கையெழுத்துப் போட்டுப் பிரதி வாங்கிக்கொள்வார்கள். 2018 மே 9 இரவு நாடு முழுக்க அந்தத் தாளைக் கூட்டிக் கூட்டித்தான் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டோம். அந்த அறையில் உட்கார எல்லாக் கட்சிக்கும் ஆள் தேவைப்படுகிறது. பதினெட்டு வயதில் ஓட்டு வந்துவிட்டது, பதிவும் தானாகவே நடக்கிறது. தம்பி, உங்களுக்கு எந்தக் கட்சி பிடிக்கிறதோ, எனக்குக் கவலையில்லை. அடுத்த தேர்தலில் முகவராகப் பெயர் கொடுங்கள். ஒரு நாள் வேலை, கொஞ்சம் நாசி லெமாக், கொஞ்சம் கொசுக்கடி. அந்தத் தாளில் உங்கள் கையெழுத்து இருக்கட்டும்.